‘ஆக்டிவ்’ என்று காட்டுகிறது, ஆனால் வேலை நடக்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். "அப்பா, ரெண்டு ஸ்விட்சுக்கு நடுவுல பி.ஜி.பி. செஷன் போடணும்னு லேப்ல குடுத்திருக்காங்க. எல்லாம் போட்டுட்டேன். ‘ஆக்டிவ்’னு நல்லாத்தான் காட்டுது. ஆனா ஒண்ணும் போக மாட்டேங்குது. எதிர்ப்பக்கத்துலதான் ஏதோ கோளாறு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம். "பி.காம். படிச்சுட்டு இதுல என்னப்பா சிரிப்பு?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் இதே வார்த்தையை, இதே தொனியில், 2009-இல் நாக்பூரில் என் ஏ.ஜி.எம்.மிடம் நானும் சொல்லியிருக்கிறேன். "ஆக்டிவ்னு வந்துடுச்சு சார், இனி பிரச்சினை அவங்க பக்கம்தான்." அன்றைக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பிறகு சொல்கிறேன். அந்த அடிக்குப் பிறகுதான் இந்த பி.ஜி.பி. என்றால் என்ன, யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடித்தேடிப் படித்தேன். வங்கிக்காரன் கண்ணுக்கு அது அப்படியே நம்ம கிளியரிங் ஹவுஸ் கதையாகத் தெரிந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லண்டன் குமாஸ்தாக்கள்

18-ஆம் நூற்றாண்டு லண்டன். லொம்பார்ட் தெரு முழுக்க வங்கிகள். ஒரு வங்கியின் காசோலை இன்னொரு வங்கிக்கு வந்துவிட்டால் குமாஸ்தா அதை எடுத்துக்கொண்டு அந்த வங்கிக்கு நடக்க வேண்டும், பணம் வாங்கிவர வேண்டும். முப்பது வங்கி என்றால் முப்பது நடை. கால் வலித்த குமாஸ்தாக்கள் முதலாளிகளைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தார்கள். ஒரு சத்திரத்தில் கூடி, "உன் காசோலை இந்தா, என் காசோலை கொடு" என்று மாற்றிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் ரொக்கமாகத் தீர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் கிளியரிங் ஹவுஸ். மேலே உட்கார்ந்து யாரும் திட்டம் போடவில்லை. பக்கத்துப் பக்கத்து ஆட்கள் இருவர் இருவராக ஒத்துக்கொண்டதில் முளைத்த ஏற்பாடு.

இணையமும் அப்படித்தான். "இன்டர்நெட்" என்று ஒரு கம்பெனி கிடையாது, ஒரு தலைமை அலுவலகமும் கிடையாது. தனித்தனி நிர்வாகத்தில் ஆயிரக்கணக்கான வலையமைப்புகள் இருக்கின்றன. டெலிகாம் கம்பெனி, பல்கலைக்கழகம், பெரிய வங்கி என்று ஒவ்வொன்றும் ஒன்று. இப்படி ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதை ‘அட்டானமஸ் சிஸ்டம்’ என்பார்கள். தன்னாட்சி அமைப்பு. நம்ம வங்கிக்கெல்லாம் கோடு நம்பர் இருக்கிற மாதிரி அதற்கும் ஓர் எண் உண்டு. ஏ.எஸ். எண் என்று பெயர். உள்ளே நீ எப்படி வேண்டுமானாலும் குடித்தனம் பண்ணிக்கொள். வாசலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரனோடு பேசும்போது மட்டும் பொதுவான ஒரு முறை வேண்டும். அந்த முறைதான் பி.ஜி.பி., அதாவது பார்டர் கேட்வே புரோட்டோகால்.

சாப்பாட்டு மேசையில் பிறந்தது

இதற்கு முன்னால் ஈ.ஜி.பி. என்று ஒன்று இருந்தது. 1982-இல் எரிக் ரோசன் என்பவர் எழுதிய முறை. அது வந்த காலத்தில் நடுவில் ஒரு தலைமை வலையமைப்பு, சுற்றிலும் அதைத் தொங்கிக்கொண்டு மற்றவை, அவ்வளவுதான். தலைமை அலுவலகம், அதன் கீழ் வட்டார அலுவலகம், அதன் கீழ் கிளை என்று மரம் மாதிரி இருந்தால்தான் ஈ.ஜி.பி.க்கு ஒத்துவரும். கிளையும் கிளையும் நேராகக் கைகோர்த்தால் அது குழம்பிவிடும். தகவல் ஒரே வட்டத்தில் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருக்கும்.

1980-களின் கடைசியில் நிலைமை மாறியது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் என்.எஸ்.எஃப்.நெட் 1986-இல் வினாடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் ஆரம்பித்து, 1988-இல் 1.5 மெகாபிட்டுக்கு ஏறியது. (இன்றைக்கு நம் கைபேசியில் ஒரு வீடியோவுக்கே இது போதாது!) பல முதுகெலும்புகள், பல குறுக்குவழிகள். மரம் போய் வலை வந்துவிட்டது. ஈ.ஜி.பி. மூச்சுத்திணறியது.

1989 ஜனவரி. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரத்தில் இணையப் பொறியாளர்கள் கூடும் ஐ.ஈ.டி.எஃப். அமைப்பின் 12-ஆவது கூட்டம். சிஸ்கோவின் கிர்க் லோகீடும் ஐ.பி.எம்.மின் யாகோவ் ரெக்டரும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதற்கு ஒரு வழி யோசித்தார்கள். நோட்டுப் புத்தகம் கையில் இல்லை. மேசையில் இருந்த நாப்கின் தாளில் எழுதினார்கள். அதனால்தான் பி.ஜி.பி.க்கு "இரண்டு நாப்கின் நெறிமுறை" என்று செல்லப்பெயர். (மூன்று நாப்கின் என்று சொல்வாரும் உண்டு. ஓட்டல் பில் கிடைத்தால்தான் தெரியும் :-) ) அதே வருஷம் ஜூன் மாதம் ஆர்.எஃப்.சி. 1105 என்ற எண்ணில் ஆவணமாக வெளிவந்தது.

அவர்கள் செய்த புத்திசாலித்தனம் இரண்டு.

முதலாவது, தகவல் வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்புவது, வரிசை மாறாமல் சேர்ப்பது போன்ற வேலைகளைத் தாங்களே எழுதவில்லை. ஏற்கெனவே இருந்த டி.சி.பி. இணைப்பின் தலையில் கட்டிவிட்டார்கள். அதன் 179-ஆம் எண் வாசல் பி.ஜி.பி.க்கு ஒதுக்கப்பட்டது. இன்றைக்கும் அதே வாசல்தான்.

இரண்டாவதுதான் முக்கியம். "இந்த ஊருக்கு என் வழியாகப் போகலாம்" என்று ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லும்போது, அந்தத் தகவல் எந்தெந்த ஏ.எஸ். வழியாக வந்தது என்ற முழுப் பட்டியலும் கூடவே போகும். அவன் அடுத்தவனுக்குச் சொல்லும்போது தன் எண்ணையும் முன்னால் சேர்த்துச் சொல்வான். பழைய உண்டியல், பில் எல்லாம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கைமாறக் கைமாற முதுகில் ஒவ்வொருவரும் எண்டார்ஸ் செய்து கையெழுத்துப் போடுவார்கள் அல்லவா, அதே கதை. திரும்ப என் கைக்கு வரும்போது முதுகில் என் கையெழுத்தே இருந்தால், ‘இது சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது’ என்று தூக்கிப் போட்டுவிடலாம். வட்டமடிக்கும் நோய்க்கு இவ்வளவு எளிய மருந்து.

தற்காலிக ஏற்பாடாக நினைத்துச் செய்தது வளர்ந்துகொண்டே போனது. 1990-இல் இரண்டாம் பதிப்பு, 1991-இல் மூன்றாம் பதிப்பு, 1994-இல் நான்காம் பதிப்பு. 1995 மார்ச்சிலும் 2006 ஜனவரியிலும் நான்காம் பதிப்பைத் திருத்தி எழுதினார்கள். ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. இன்றும் உலகம் ஓடுவது நான்காவதில்தான்.

1995 ஏப்ரல் 30 அன்று என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்பு மூடப்பட்டது. அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ள, தனியார் வலையமைப்புகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு இணையத்தை நடத்த ஆரம்பித்தன. அதே வருஷம் ஆகஸ்ட் 15 அன்று நம் ஊரில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. நான் அப்போது கல்லூரிக்குப் போகக் காத்திருந்த பையன். ஈமெயில் என்றால் ஏதோ ஏர்மெயிலின் தம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்விட்சில் செஷன் போடுவது எப்படி?

கொஞ்சம் தொழில்நுட்பம். பயப்பட வேண்டாம், கணக்குத் திறக்கிற மாதிரிதான்.

பெரிய அலுவலகங்களில் இருக்கும் லேயர்-3 ஸ்விட்ச், சும்மா கம்பிகளைச் சேர்ப்பதோடு நிற்காமல் வழியும் பார்த்துச் சொல்லும். அதில் ஒரு போர்ட்டை எதிர்ப்பக்கத்துக்குப் போகும் லைனுக்கு ஒதுக்கி, அதற்கு ஒரு ஐ.பி. முகவரி கொடுக்க வேண்டும். இந்த முனைக்கு ஒன்று, அந்த முனைக்கு ஒன்று. அடுத்து "என் ஏ.எஸ். எண் இது" என்று சொல்ல வேண்டும். பிறகு "என் பக்கத்து வீட்டுக்காரன் முகவரி இது, அவன் ஏ.எஸ். எண் இது". கடைசியாக, "என் வழியாகப் போகக்கூடிய முகவரிகள் இவை" என்று எதையெல்லாம் அவனிடம் அறிவிக்க வேண்டுமோ அதையும் சொல்ல வேண்டும்.

இதே வேலை எதிர்ப்பக்கத்திலும் நடக்க வேண்டும். இங்கேதான் விஷயம். வேறு சில நெறிமுறைகள், உதாரணமாக ஓ.எஸ்.பி.எஃப்., தெருவில் நின்று "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துப் பக்கத்தவர்களைத் தானே கண்டுபிடிக்கும். பி.ஜி.பி. அப்படிக் கூப்பிடாது. இரண்டு பக்கமும் மனிதர்கள் உட்கார்ந்து பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டால்தான் உறவு.

பேச்சு தொடங்கும்போது இருவரும் ‘ஓப்பன்’ என்ற செய்தி அனுப்புவார்கள். பதிப்பு எண் 4, என் ஏ.எஸ். எண் இவ்வளவு, இத்தனை வினாடி உன்னிடமிருந்து சத்தம் இல்லையென்றால் நீ போய்விட்டாய் என்று வைத்துக்கொள்வேன், இது என் அடையாளம். எதிராளி சொன்ன எண்ணும் நான் எழுதி வைத்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் உடனே ‘நோட்டிஃபிகேஷன்’ என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திவிடும். கையெழுத்து மாறினால் காசோலை திரும்புவது மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி, மறுபடி கதவடைப்பு.

எல்லாம் சரியாக நடந்தால் ஐடில், கனெக்ட், ஆக்டிவ், ஓப்பன் சென்ட், ஓப்பன் கன்ஃபர்ம் என்ற நிலைகளைத் தாண்டி எஸ்டாப்ளிஷ்ட் என்ற நிலைக்கு வரும். (ஆக்டிவ் பக்கம் போகாமலே ஏறிவிடுவதும் உண்டு.) இதில் ‘ஆக்டிவ்’ என்ற பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! அதற்கு அர்த்தம் "வேலை செய்கிறது" என்பதல்ல. "இணைப்புக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை" என்பதுதான். அங்கேயே நின்றுகொண்டிருந்தால் ஏதோ தப்பு. பல ஸ்விட்சுகளில் செஷன் உண்மையிலேயே அமைந்துவிட்டால் அந்த வார்த்தையே காணாமல் போய், அந்த இடத்தில் ஓர் எண் வந்துவிடும். எதிராளியிடமிருந்து எத்தனை வழிகள் கிடைத்தன என்ற எண்ணிக்கை அது.

வார்த்தை போய் எண் வந்தால் நல்ல சேதி. இதை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.

நாக்பூர், 2009 ஜூலை 31

வெள்ளிக்கிழமை. மாதக் கடைசி வேலைநாள், பென்ஷன் நாள். நான் வட்டார அலுவலகத்தில் சிஸ்டம்ஸ் ஆபிசர். சிஸ்டம்ஸுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இருந்தவர்களில் நான்தான் சின்ன வயசு, மதராஸி வேறு. "உங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

முந்தின ராத்திரி மழை, இடி. காலையில் போய்ப் பார்த்தால் ஸ்விட்ச் உயிரோடு இல்லை. ஆறு கிளைகள் அதன் வழியாகத்தான் டேட்டா சென்டருக்குப் போகின்றன. லைன் இரண்டு எடுத்திருந்தோம், ஒன்று போனால் இன்னொன்று என்று. ஆனால் இரண்டும் வந்து சேர்வது அதே ஒரு ஸ்விட்சில்! இரண்டு பூட்டு வாங்கி ஒரே கொண்டியில் மாட்டிய கதை.

அலமாரியில் இருந்த மாற்று ஸ்விட்சை எடுத்து மாட்டினோம். டேட்டா சென்டரில் போனை எடுத்த பையன் தமிழன், குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். "எந்த ஊரு தம்பி?" "விருதுநகர் பக்கம் சார். நான் சொல்லச் சொல்ல அடிங்க, ஒண்ணும் பயப்படாதீங்க" என்றான். நான் ஒரு சீட்டில் எண்களை எல்லாம் குறித்துக்கொண்டேன். அவனுக்கு அன்றைக்கு வேறு இரண்டு அலுவலகங்களிலும் மழைச் சேதம். "சார், நான் என் பக்கம் போட்டுட்டேன். நீங்களும் போட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டான்.

போட்டேன். ‘ஆக்டிவ்’ என்று வந்தது. ஓடிப்போய் ஏ.ஜி.எம்.மிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாக ஆறு கிளைக்கும் போன் செய்து "பத்து நிமிஷத்தில் வந்துவிடும்" என்று அறிவித்துவிட்டார். கிளை மேனேஜர்கள் கூட்டத்திடம் அதையே சொன்னார்கள். பத்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆனது. ஏ.ஜி.எம். என்னை அழைத்துப் பேசிய மராத்தி எனக்கு முழுதாகப் புரியவில்லை. புரியாததே நல்லது. நானோ திரும்பத் திரும்ப ஒரே பல்லவி: "எதிர்ப்பக்கத்தில்தான் கோளாறு சார்."

தலைவலி தாங்காமல் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். கீழ்த்தளத்தில் கிளை. பெஞ்சு முழுக்கப் பென்ஷன்காரர்கள். அதில் ஒரு பெரியவர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் "ஆஜோபா" என்று கூப்பிடுவோம். மராத்தியில் தாத்தா. அன்றைக்கு அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன், பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டும். பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என்ன பேட்டா ஆச்சு?" என்று ஹிந்தியில் கேட்டார். எங்கள் பக்கம் எல்லாம் தயார், எதிர்ப்பக்கம்தான் இன்னும் வரவில்லை என்றேன்.

அவர் சிரித்தார். "நான் சிங்கிள் லைன் செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் ஓடினவன். ரெண்டு ஸ்டேஷன்லயும் டோக்கன் மெஷின் இருக்கும், ரெண்டுக்கும் கம்பித் தொடர்பு. இந்த ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டு, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒத்துக்கிட்டாத்தான் டோக்கன் வெளியே வரும். ஒருத்தர் மட்டும் தயாரா இருந்தா வண்டி நகராது. டோக்கன் வரலேன்னா ரெண்டு பேரும் போன்ல ஒருத்தருக்கொருத்தர் வாசிச்சுக் காட்டுவாங்க. அவன் தப்புன்னு சொல்லிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க."

டீயைக் குடிக்காமலே மேலே ஓடினேன்.

விருதுநகர்த் தம்பியைப் பிடித்தேன். "தம்பி, நீ போட்டதை ஒண்ணு விடாம வாசி. நான் போட்டதை நான் வாசிக்கிறேன்." முகவரி சரி. என் எண் சரி. அவன் எண்? "அறுபத்தஞ்சாயிரத்து நூத்திருபது சார்." என் திரையில் 65210.

65210-இல் 65120 போனால் 90. ஒன்பதால் வகுபடுகிறது. பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித்தருவார்கள்: டிரையல் பேலன்ஸ் இடித்து, வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார். போனில் கேட்டுச் சீட்டில் எழுதும்போதே ஒன்றையும் இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். சீட்டைப் பார்த்து அடித்ததால், எத்தனை முறை சரிபார்த்தாலும் சரியாகவே இருந்தது!

திருத்தினேன். அரை நிமிஷம் இருக்கும். ‘ஆக்டிவ்’ மறைந்து 14 என்று ஓர் எண் வந்தது. "வந்துருச்சு சார்!" என்று தம்பி அங்கே கத்தினான். கீழே கவுண்டரில் பிரிண்டர் ஓடும் சத்தம் மேலே எனக்குக் கேட்டது.

ஆஜோபா பதினொன்று நாற்பதுக்குப் பணம் வாங்கினார். நானே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். அடுத்த மாதம் பென்ஷனுக்கு வந்தவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டார்: "லைன் கிளியரா?" நான் அங்கே இருந்தவரை ஒவ்வொரு மாதமும் அதே கேள்விதான்.

ஆளைச் சோதிக்கும், சொல்லைச் சோதிக்காது

பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது. அன்றைக்கு பி.ஜி.பி. என்னைத் தடுத்ததே நல்லதற்குத்தான். எதிரே நிற்பவன் யார் என்பதில் அது கறார். ஆனால் ஒரு தரம் உள்ளே விட்டுவிட்டால், அவன் என்ன சொன்னாலும் நம்பிவிடும். கணக்குத் திறக்கும்போது ஆயிரம் ஆவணம் கேட்டுவிட்டு, அப்புறம் அவன் நீட்டும் எந்தக் காசோலையையும் பார்க்காமல் பாஸ் பண்ணுகிற கிளை மாதிரி. 1989-இல் இது குறையாகத் தெரியவில்லை. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்.

விளைவு 1997 ஏப்ரல் 25 அன்று தெரிந்தது. அமெரிக்காவில் ஒரு சின்ன இணைய நிறுவனம், அதன் ஏ.எஸ். எண் 7007. அதன் ரூட்டர் ஒன்று, உலகத்து முகவரிகளில் பெரும் பகுதியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, "இதெல்லாம் என் வழியாகப் போகலாம்" என்று அறிவித்துவிட்டது. வேண்டுமென்றே செய்ததல்ல. பக்கத்து வீட்டுக்காரன் நம்பினான், அவனுக்குப் பக்கத்தவனும் நம்பினான். பெரிய துண்டைவிடச் சின்னத் துண்டுக்கு முன்னுரிமை என்பது வழிபார்க்கும் விதி. "தமிழ்நாட்டுக்கு இந்த வழி" என்பதைவிட "தென்காசிக்கு இந்த வழி" என்ற பலகையைத்தானே நம்புவோம்? உலகப் போக்குவரத்து அந்தச் சின்னச் சந்துக்குள் வந்து விழுந்தது. ரூட்டரைப் பிடுங்கிப் போட்ட பிறகும் அந்தப் பொய் கொஞ்ச நேரம் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

2008 பிப்ரவரி 24. பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடை செய்யச் சொன்னது. பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரிகளில் ஒரு பகுதியை "என்னிடம்தான் இருக்கிறது" என்று அறிவித்தது. உள்நாட்டுக்காரர்களைக் குழிக்குள் தள்ள வேண்டிய அறிவிப்பு, ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. வழியாக வெளியுலகத்துக்கும் போய்விட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 1024 முகவரிகள் கொண்ட துண்டு. இவர்கள் அறிவித்தது அதற்குள் 256 மட்டும். சின்னத் துண்டு ஜெயித்தது. சுமார் இரண்டு மணி நேரம் உலகம் முழுக்க யூடியூப் கிடையாது. யூடியூப்காரர்கள் அதைவிடச் சின்னதாக 128, 128 என்று உடைத்து அறிவித்துப் போராட வேண்டியதாயிற்று. பி.சி.சி.டபிள்யூ. அந்த அறிவிப்பை நிறுத்திய பிறகுதான் முழுதும் சரியானது.

2021 அக்டோபர் 4 அன்று நடந்தது வேறு வகை. பராமரிப்பு வேலையில் போன ஒரு கட்டளையால் ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களுக்கு நடுவே இருந்த தொடர்பு அறுந்தது. அதைக் கண்ட அவர்களின் டி.என்.எஸ். சர்வர்கள் "எங்களிடம் வராதீர்கள்" என்று பி.ஜி.பி. அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. சுமார் ஆறு மணி நேரம் ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலக வரைபடத்திலேயே இல்லை. யாரும் தாக்கவில்லை. தன் வீட்டு முகவரிப் பலகையைத் தானே கழற்றிக்கொண்ட கதை.

மாதிரிக் கையெழுத்தும் உள்ளூர்க் கிளியரிங்கும்

இதற்கு மருந்து என்ன? வங்கியில் நாம் வைத்திருக்கும் மாதிரிக் கையெழுத்து அட்டைதான். "இந்த முகவரித் துண்டை அறிவிக்கும் உரிமை இந்த ஏ.எஸ். எண்ணுக்கு மட்டும்" என்று மின்கையெழுத்திட்டுப் பதிவு செய்து வைப்பது. ஆர்.பி.கே.ஐ. என்று பெயர். 2012-இல் இதற்கான ஆவணங்கள் வெளிவந்தன. உலக வழிகளில் பாதிக்கு இந்தப் பதிவு அமைய 2024 வரை ஆனது. அதுவும் காசோலை யாருடையது என்பதை மட்டும்தான் பார்க்கும். நடுவில் எண்டார்ஸ் செய்தவர்கள் ஒழுங்கா என்பதைப் பார்க்காது. பாதி வேலை முடிந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தியக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1998-க்குப் பிறகு தனியார் இணைய நிறுவனங்கள் வந்தன. ஆனால் அவர்களுக்குள் உள்ளூரில் சந்திக்க இடமில்லை. இந்த மூலையில் ஒரு கம்பெனி இணைப்பிலிருந்து பக்கத்துத் தெருவில் இன்னொரு கம்பெனி இணைப்புக்கு அனுப்பிய மெயில், கடல் தாண்டி வெளிநாடு போய்த் திரும்பி வரும். டாலரில் செலவு வேறு. 2003-இல் நிக்சி என்ற தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு தொடங்கப்பட்டு, நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தாவில் சந்திப்பு மையங்கள் அமைந்தன. ஒரே ஸ்விட்சில் எல்லோரும் வந்து லைன் மாட்டி, இருவர் இருவராக பி.ஜி.பி. செஷன் போட்டுக்கொண்டார்கள். லொம்பார்ட் தெருக் குமாஸ்தாக்கள் சத்திரத்தில் கூடியது போலத்தான். இருநூறு வருஷத்துக்கு மேல் கடந்தும் அதே யோசனை!

கடைசியாக ஒன்று

செஷன் அமைந்துவிட்டால் போதாது, அதை உயிரோடு வைத்திருக்கவும் வேண்டும். சொல்ல ஒரு சேதியும் இல்லாவிட்டாலும் "இருக்கிறேன்" என்று ஒரு சின்னச் செய்தி போய்க்கொண்டே இருக்கும். ‘கீப் அலைவ்’ என்பார்கள். பல கருவிகளில் வழக்கமான கணக்கு 60 வினாடிக்கு ஒரு தரம். மூன்று தரம் தவறி 180 வினாடி ஆகிவிட்டால், எதிராளி இல்லை என்று முடிவு செய்து, அவன் சொன்ன வழிகளை எல்லாம் அழித்துவிடும்.

எங்கள் வீட்டில் இது இரவு ஒன்பது மணி. தென்காசியில் இருக்கும் அம்மாவுக்குப் போன். "சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை" அவ்வளவுதான் பேச்சு. ஒரு தடவை ஆடிட் நெருக்கடியில் தொடர்ந்து மூன்று நாள் கூப்பிட மறந்துவிட்டேன். நாலாம் நாள் காலையில் மச்சான் போன் பண்ணினார். "ஒண்ணுமில்ல மாப்ள, அத்தை கேக்கச் சொன்னாங்க. அங்க எல்லாரும் சௌக்கியம்தானே?" குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா அவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறாள், என்னை நேராகக் கூப்பிடவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. அன்றிலிருந்து ஒன்பது மணியை விட்டதில்லை.

மகளிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு, "முதல்ல அந்தப் பக்கத்து ஸ்விட்சைத் திற, ரெண்டையும் பக்கத்துல வெச்சு சத்தமா வாசி" என்றேன். வாசித்தாள். இங்கே எதிராளி எண் 65010 என்று போட்டிருக்கிறாள். அங்கே அவளே கொடுத்திருப்பது 65001.

"வித்தியாசம் எவ்வளவு?" என்றேன்.

"ஒன்பது" என்றாள். முறைத்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திருத்தியதும் ‘ஆக்டிவ்’ போய், எண் வந்தது. மணியைப் பார்த்தேன், ஒன்பது ஆகப் பத்து நிமிஷம். "லேப்டாப்பை மூடு, பாட்டிக்குப் போன் போடு" என்றேன்.